சர்க்கரை நோயும் விழித்திரையும்: வாசகர் கேள்விகள், விழித்திரை மருத்துவரின் பதில்கள்

கோவில்பட்டி வாசகர்: சர்க்கரை நோய் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பார்வை தெளிவாகவே இருக்கிறது. கண் பரிசோதனை அவசியமா?

அவசியம். சர்க்கரை மிகுந்த இரத்தம் விழித்திரையின் நுண்குழாய்களைப் பலவீனப்படுத்துகிறது. அவை ஆங்காங்கே புடைத்து, இரத்தத்தையும் கொழுப்பையும் கசியவிடுகின்றன. கசிவு விழித்திரையின் நடுப்பகுதியை எட்டும் வரை பெரும்பாலும் பார்வை குறைவதில்லை. கண் பரிசோதனை முகாமில் எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தடுமாறாமல் படித்துவிட்டு எழுந்தவரின் விழித்திரைப் படத்தில் செம்புள்ளிகளும் மஞ்சள் திட்டுகளும் நிறைந்திருப்பது எங்களுக்குப் பழகிய காட்சி. இரண்டாம் வகை நீரிழிவு பல காலம் தெரியாமலே இருந்திருக்கக்கூடும் என்பதால், நோய் உறுதியான உடனேயும் பிறகு ஆண்டுதோறும் விழித்திரையைப் பார்க்க வேண்டும். முதல் வகையில், நோய் தொடங்கிய 5 ஆண்டுகளுக்குள் பரிசோதனையைத் தொடங்கலாம். ஏற்கெனவே நீரிழிவு உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களுக்குள் பார்த்துவிட வேண்டும்.

தேனி வாசகர்: கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். அது போதாதா?

போதாது. அந்தக் கருவி பவரை மட்டுமே அளக்கும். எங்கே கண்ணைக் காட்டினாலும், "விழித்திரையைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

கரூர் வாசகி: கண்ணில் மருந்து ஊற்றிப் பார்த்தால் பார்வை கெட்டுவிடும் என்கிறார்களே?

கெடாது. கண்மணி விரிவதால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை மங்கும், அவ்வளவுதான். அன்று வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

திருச்சிப் பக்கத்துத் தன்னார்வலர்: முகாமில் பாதிப்பு தெரிந்தவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறோம், பலர் மருத்துவமனைக்குப் போவதே இல்லை. மக்களுக்கே அக்கறை இல்லாதபோது முகாம் எதற்கு?

அக்கறையின்மை என்ற முடிவை நான் ஏற்கவில்லை. கூலி வேலைக்குப் போகும் ஒருவருக்கு மருத்துவமனைப் பயணம் என்பது ஒரு நாள் கூலி, துணைக்கு வரும் மகனின் இன்னொரு நாள் கூலி, பேருந்துச் செலவு, கண்ணில் ஊசி போடுவார்களோ என்ற பயம் ஆகிய நான்கும் சேர்ந்தது. கண் நன்றாகத் தெரியும்போது, புரியாத ஒரு சீட்டுக்காக இவ்வளவையும் யார் ஏற்பார்? அவருடைய விழித்திரைப் படத்தையும் பாதிப்பில்லாத ஒருவரின் படத்தையும் திரையில் அருகருகே வைத்து, வீட்டார் முன்னிலையில் காட்டிப் பாருங்கள். போக வேண்டிய தேதியை அங்கேயே குறித்து, முதல் நாள் தொலைபேசியில் நினைவூட்டுங்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு தேடி மாத்திரை கொடுக்க வருபவரிடம், "கண் பார்த்தாச்சா?" என்று கேட்கவும் சொல்லுங்கள். இங்கிலாந்தில் 2003 முதல் நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனித்தனியே அழைப்பு அனுப்பிப் படமெடுக்கிறார்கள். உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணமாக அங்கே இருந்த விழித்திரை நோய், பிறகு அந்த இடத்திலிருந்து இறங்கியது.

இதைப் படித்த சென்னைப் பொறியாளர்: செயற்கை நுண்ணறிவு கேமரா வந்துவிட்டதே, இத்தனை பாடு எதற்கு?

விழித்திரைப் படத்தைச் செயற்கை நுண்ணறிவால் படிப்பது பற்றி 2016இல் வெளியான கூகுள் ஆய்வில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளின் படங்களும் பயன்பட்டன. அந்தத் தொழில்நுட்பத்தின் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் கண்புரை முற்றியவரின் படம் மங்கலாக விழும், அதை எந்தக் கருவியாலும் படிக்க முடியாது. படம் தெளிவாக விழுந்தாலும், கேமரா நோயைச் சொல்லுமே தவிர நோயாளியைப் பேருந்தில் ஏற்றிவிடாது.

தன்னார்வலர் மீண்டும்: படம் காட்டினால் பயந்து ஓடிவிட மாட்டார்களா?

காட்டிவிட்டு, "இப்போதே வந்தால் பார்வையைக் காப்பாற்றலாம்" என்ற வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டால் ஓடுவார்கள்.

சேலம் வாசகர்: எனக்குப் பார்வை நன்றாக இருக்கிறது, பரிசோதனை...

முதல் பதிலைப் படிக்கவும்.

மதுரை வாசகி: இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.8தான். எனக்கும் ஆண்டுதோறும் வேண்டுமா?

வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்து 1993இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது விழித்திரை நோய் புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. குறைந்ததே தவிர, இல்லாமல் போகவில்லை. நோயின் வயதும் இரத்த அழுத்தமும் தனிக்கணக்கு.

ஈரோடு வாசகர்: லேசர் செய்தால் போன பார்வை திரும்புமா?

பெரும்பாலும் இருப்பதைக் காக்கவே லேசர். நடுப்பகுதி வீக்கத்துக்கு ஊசி போட்டால் பலருக்குப் பார்வை ஓரளவு மேம்படுகிறது.

நாகர்கோவில் வாசகர்: கண்ணில் தேன் விடலாமா?

கூடாது.

விருதுநகர் வாசகர்: எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் நேற்று முதல் ஒரு கண்ணில் கறுப்பு நூல்கள் மிதக்கின்றன. அடுத்த முகாம் வரை பொறுக்கலாமா?

பொறுக்கக் கூடாது. இது கண்ணுக்குள் இரத்தம் கசிந்ததன் அடையாளமாக இருக்கலாம். இன்றே விழித்திரைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.