கேள்வி-பதில்: ஹெரால்டுக்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும்?

கேள்வி: ஏற்காட்டில் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். அப்பா 1969-இல் வாங்கிய நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 இன்னும் வீட்டில் நிற்கிறது. நான்கு வருடமாக ஓடவில்லை. முன்சக்கர டிரனியன், பிரேக் வீல் சிலிண்டர், பின்கதவு ரப்பர் மூன்றும் வேண்டும். சேலத்தில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. "ஹெரால்டா? அதெல்லாம் வர்றது நின்னு போச்சுங்க" என்று ஒரே பதில்தான். எங்கே தேடுவது?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: கடைக்காரர்கள் சொல்வது உண்மைதான். சென்னையில் ஹெரால்டைத் தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1980களின் கடைசியிலேயே மூடப்பட்டுவிட்டது. அந்தப் பெயரில் எந்தக் கடைக்கும் இனி சரக்கு வராது. அதனால் காரின் பெயரைச் சொல்லிக் கேட்பதை நிறுத்துங்கள். பாகத்தைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

எந்தக் கார் கம்பெனியும் எல்லாப் பாகத்தையும் தானே செய்வதில்லை. பேரிங், ஆயில் சீல், மின்சாமான், பிரேக் சாமான் எல்லாம் வேறு வேறு தயாரிப்பாளரிடமிருந்து வந்தவை. அந்தத் தயாரிப்பாளரின் எண் பாகத்தின் மேலேயே இருக்கும். மின்சாமான் செய்த லூகாஸ் நிறுவனத்தின் சாமான்களில் எண்ணோடு, செய்த மாதமும் வருடமும்கூடப் பல சமயம் குத்தப்பட்டிருக்கும். பேரிங்கில் உள்ள எண்ணைப் படித்தால் போதும், அது எந்தக் காருக்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

என்னிடம் ஒரு பழைய பியட் இருந்தது. முன்சக்கர ஆயில் சீலுக்காக மூன்று வாரம் "பியட் சீல் இருக்கா?" என்று கடைகடையாக அலைந்தேன். கடைசியில் ஒரு பேரிங் கடைப் பெரியவர் பழைய சீலை வாங்கி, உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியரில் அளந்தார். ஐந்து நிமிடத்தில் டிராயரிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் அதை எந்த வண்டிக்கு வைத்திருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சீல் கசியவில்லை.

இப்போது உங்கள் மூன்று பாகங்களுக்கு வருகிறேன். வீல் சிலிண்டருக்கு நீங்கள் சேலத்தைத் தாண்ட வேண்டியதே இருக்காது. உள்ளே துரு குழி விழுந்திருந்தால், சிலிண்டரின் உள்துளையைப் பெரிதாக வெட்டிப் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகில் ஸ்லீவ் (உள்ளுறை) போட்டு, பழைய அளவுக்கே கொண்டுவரலாம். லாரி வேலை பழகிய ஊர் இது, நல்ல லேத்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ரப்பர் கப் அங்குல அளவுகளில் வருவதால் அளவைச் சொல்லி வாங்கிவிடலாம். பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டிக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். "பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக், அசல் சரக்கு" என்று யாராவது நாற்பது வருடத்து பிரேக் ரப்பரைக் கொடுத்தால் வாங்காதீர்கள். இரும்புச் சாமான் எண்ணெய்த்தாளில் சுற்றியபடி எத்தனை வருடம் வேண்டுமானாலும் கிடக்கும். ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் கெட்டுப்போகும். நீங்கள் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டியவர்.

டிரனியன்தான் முக்கியம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கிறது. அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகியிருக்கும். அந்தக் கட்டைதான் டிரனியன். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் சுழல்கிறது. இதற்குப் போட வேண்டியது இபி 90 கியர் ஆயில். நம் ஊரில் அதை ஊற்றும் நிப்பிளை (சிறு குழாய்முனையை)ப் பார்த்ததும் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் நாளடைவில் இறுகி வழியை அடைக்கிறது, தண்ணீர் உள்ளே தங்குகிறது, தண்டின் மரை துருப்பிடித்து ஒருநாள் முறிகிறது. முறிந்தால் சக்கரம் மடங்கி, வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். மலைப்பாதையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனவே டிரனியனை மட்டும் மாற்றாதீர்கள். தண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து, மரையில் துருக்குழியோ தேய்மானமோ தெரிந்தால் அதையும் மாற்றுங்கள். இந்த இரண்டையும் பட்டறையில் கடைந்து போடுவதற்கோ, வெல்டிங் வைப்பதற்கோ சம்மதிக்காதீர்கள். இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிர் திசை. வாங்கும்போது எந்தப் பக்கம் என்று சொல்லியே வாங்க வேண்டும்.

இது புதிதாகவே கிடைக்கிறது, இங்கிலாந்தில். உங்கள் ஹெரால்டு அங்கே டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1971 வரை வந்தது. அதே முன்பக்க அமைப்பைக் கொண்ட டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1980 வரை வந்தது. அந்தக் கார்களை ஆசையாக வைத்திருப்பவர்கள் அங்கே ஏராளம் என்பதால் பாகங்களை இப்போதும் செய்து விற்கிறார்கள். கேன்லி கிளாசிக்ஸ், ரிம்மர் பிரதர்ஸ் இரண்டும் இதையே தொழிலாகச் செய்பவை. பழைய பாகத்தின் படம், அளவு, சேஸி எண் மூன்றையும் முன்கூட்டியே அனுப்பிப் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சுங்க வரி பாகத்தின் விலைக்கு மட்டும் அல்ல, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. ஆகவே எடை கூடிய சாமானைத் தனியாக வரவழைப்பது கட்டுப்படியாகாது. டிரனியனோடு புஷ், சீல் எல்லாவற்றையும் ஒரே பார்சலில் வாங்குங்கள். பழைய, கழற்றிய பாகங்களை அங்கிருந்து வரவழைக்க நினைக்காதீர்கள். பயன்படுத்திய பொருளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு, சுங்கத்தில் சிக்கிக்கொள்ளும்.

பின்கதவு ரப்பருக்கு இங்கிலாந்து உதவாது. நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டில் மட்டுமே செய்தது. அங்கே இருப்பவை இரண்டு கதவு வண்டிகள். அதனால் பின்கதவு, அதன் கண்ணாடி, பீடிங் (ஓரத்து ரப்பர்) எல்லாவற்றையும் இங்கேதான் தேட வேண்டும். பழைய ரப்பரில் நசுங்காத இடத்தில் நான்கு விரற்கடை வெட்டி, அதன் குறுக்குவெட்டு உருவத்தைக் காட்டுங்கள். பஸ் பாடி கட்டுபவர்களுக்கு ரப்பர் சப்ளை செய்யும் கடைகளில் விதவிதமான பீடிங் சுருள் சுருளாக இருக்கும், அச்சாக ஒத்துப்போவது கிடைக்கவும் வாய்ப்புண்டு. கதவு, கைப்பிடி மாதிரியானவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம், பெங்களூர் ஜே.சி. ரோடு மூன்றுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஆனால் எனக்கு அதைவிட நம்பிக்கை உங்கள் மலைமேல்தான். எஸ்டேட் ஷெட்டுகளில் தார்ப்பாய்க்குக் கீழே என்ன கிடக்கிறது என்று பழைய டிரைவர்களையும் மேஸ்திரிகளையும் கேளுங்கள். கண்டம் ஆன ஒரு முழு வண்டி கிடைத்தால் கதவு, கண்ணாடி, பீடிங் எல்லாம் ஒரே இடத்தில் முடிந்துவிடும்.

அப்புறம், போல்ட். ஹெரால்டில் இருப்பவை பெரும்பாலும் அங்குல மரை. 5/16 அங்குலமும் 8 மில்லிமீட்டரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு சுற்று ஏறியதும் இறுகினால் ஸ்பானரைப் போட்டு அழுத்த விடாதீர்கள், மரை போய்விடும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் படம் பார்த்து, 14,500 ரூபாய் யுபிஐயில் அனுப்பி ஒரு பழைய காருக்குப் பின் ஆக்ஸில் வாங்கினேன். வந்தது வேறு மாடல். விற்ற வெளியூர்க் கடைக்காரர் இப்போது போனை எடுப்பதில்லை. பில் கிடையாது. பணம் திரும்ப வருமா?
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வழி இருக்கிறது. அவர் இதைத் தொழிலாகச் செய்கிறவர் என்பது உங்களுக்குச் சாதகம். பில் இல்லாவிட்டாலும் யுபிஐ ரசீது, உரையாடல், அவர் அனுப்பிய படம், பார்சல் சீட்டு இவை ஆதாரம்தான். எதையும் அழித்துவிடாதீர்கள். முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் 15 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். நகராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட முடியும், அவர் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அடுத்த முறை பணம் அனுப்பும் முன், பாகத்தின் பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய தாளையும் அளவு நாடாவையும் வைத்துப் படம் கேளுங்கள். உண்மையில் கையில் சரக்கு இருப்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஐம்பது வருடம் தாண்டிய காரை விண்டேஜ் என்று பதிந்துகொள்ளலாமா? லாபம் உண்டா?
– ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி பதியலாம். அசல் அமைப்பு மாறாமல் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு போய்வர வேண்டும் என்றால் இப்போதுள்ள ஆர்.சி.யையே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.