கதை எழுதச் சொன்னால் கட்டிடம் வருமா?

கேள்வி: என் மகள் டர்பனில் கட்டிடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இந்தப் பருவத்தில் அவர்களுக்குக் கொடுத்திருக்கும் வேலை: 2080-இல் டர்பன் எப்படி இருக்கும் என்று அறிவியல் புனைகதை ஒன்று எழுத வேண்டும். பிறகு அந்தக் கதையில் வருகிறவர்களுக்கு ஒரு கட்டிடம் வரைய வேண்டும். நான் கடன் வாங்கி, ஓவர்டைம் பார்த்துக் கட்டணம் கட்டுகிறேன். கான்கிரீட்டும் கம்பியும் கற்றுத்தர வேண்டிய இடத்தில் பறக்கும் தட்டுக் கதை எதற்கு? நீங்களாவது இதைக் கண்டித்து எழுதக் கூடாதா?
– ஒரு தகப்பன், சாட்ஸ்வர்த்

பதில்: எழுத மாட்டேன், ஐயா. அந்த ஆசிரியர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கொடுத்தது சரியான வேலை. உங்கள் கோபத்திலும் பாதி நியாயம் உண்டு, அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில், எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்று பாருங்கள்.

டர்பனின் இந்தியக் குடியிருப்பான நம் சாட்ஸ்வர்த் தானாக வளர்ந்த ஊர் இல்லை. தென்னாப்பிரிக்காவில் எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த சட்டம் 1950-இல் வந்தது. அதன்பின் யாரோ சிலர் மேசையில் தாளை விரித்து ஓர் எதிர்கால நகரத்தைக் கற்பனை செய்தார்கள். வெள்ளையர் இங்கே, இந்தியர் அங்கே, ஆப்பிரிக்கர் அதற்கும் அப்பால், நடுவே ஆறோ ரயில்பாதையோ வெற்று நிலமோ. அன்றைக்கு அப்படியொரு நகரம் எங்கும் இருக்கவில்லை. 1960-களில் அதைச் செங்கல்லில் கட்டி, டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் நம்மவர்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள். பகுதிகளுக்குப் பெயர்கூட யோசிக்காமல் யூனிட் 1, யூனிட் 2 என்று எண் போட்டார்கள். அடுத்தவர் எழுதிய எதிர்காலக் கதைக்குள் அறுபது வருஷம் குடியிருந்துவிட்டு, கதைக்கும் கட்டிடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நாமே கேட்கலாமா?

என் பாட்டி, டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மகசின் பேரக்ஸிலிருந்து வந்தவர். அங்கே நெருக்கடியான அறை, பலருக்கும் பொதுவான குழாய், பொதுவான கக்கூஸ். சாட்ஸ்வர்த் வீட்டில் சொந்தக் குழாய் கிடைத்தது அவருக்குச் சந்தோஷம்தான், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் வந்த முதல் ஆடி மாதம், மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் பெரிய பானையை எங்கே வைப்பது என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டும். பின்புறம் சரிவு. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரும் தாத்தாவும் சேர்ந்து சரிவை வெட்டிச் சமப்படுத்தி, மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினார்கள். அந்த பிளானில் அடுப்புக்கு இடம் குறித்திருந்தார்கள். கூழ் வாங்க வரும் நாற்பது பேர் வரைந்தவருடைய மனசில் இல்லை. கோடு போடுவதற்கு முன்னால் அவர் என் பாட்டியின் ஒரு நாளை ஒரே ஒரு பக்கம் எழுதிப் பார்த்திருந்தால், அந்தப் பின்வாசல் வேறு மாதிரி இருந்திருக்கும்.

உங்கள் மகளுக்குக் கொடுத்த வேலையின் சாரம் இதுதான். பிளான் ஒரு வீட்டை ஒரு கணத்தில் நிறுத்திக் காட்டும். வீடோ ஐம்பது, எண்பது வருஷம் நிற்கும். அதற்குள் கிழவர் சாவார், பேத்தி பிறப்பாள், தண்ணீர் வரும், வராமல் போகும். ஓடுகிற காலத்துக்குள் ஒரு மனுஷியை நடக்கவிட்டுப் பார்க்கக் கதை வேண்டும். கதைகளிலும் அறிவியல் புனைகதைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. உலகத்தில் ஒன்றை மாற்றிவிட்டு, அதன் விளைவைக் கடைசிவரை விடாமல் பின்தொடர வேண்டும். கடல் ஒரு மீட்டர் ஏறியது என்று எழுதினால், சாக்கடை எந்தப் பக்கம் ஓடும் என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். கட்டிடக்கலைஞருக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

எண்களும் அறிக்கைகளும் போதாதா என்று கேட்பீர்கள். 1998-இல் நம் அரசாங்கமே வெளியிட்ட எரிசக்திக் கொள்கை வெள்ளை அறிக்கை, புதிய மின்நிலையங்கள் கட்டாவிட்டால் 2007 வாக்கில் மின்சாரம் போதாமல் போகும் என்று எச்சரித்தது. 2008 ஜனவரியில் நாடு இருண்டது. கணக்கு கிட்டத்தட்டத் துல்லியம். ஆனாலும் இடைப்பட்ட அந்தப் பத்து வருஷத்தில், மின்சாரம் இல்லாத ராத்திரியை மனசில் வைத்து எத்தனை வீடு வரைந்தார்கள்? லிஃப்ட் நின்ற ஒன்பதாவது மாடியில் ஒரு கர்ப்பிணி, மோட்டார் ஓடாததால் காலியான மேல் தொட்டி, ஜன்னல் திறக்காத ஏசி அலுவலகம். இதை 1998-இல் ஒரு மாணவி கதையாக எழுதியிருந்தால் சிரித்திருப்போம். 2018-இல் கேப் டவுனில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் தண்ணீர்தான் என்று வரம்பு வைத்தார்கள். குளித்த நீரை வாளியில் பிடித்துக் கக்கூஸில் ஊற்றினார்கள். அந்த வாளியை வைக்க இடமுள்ள குளியலறை எத்தனை பேருக்கு இருந்தது?

2022 ஏப்ரல் வெள்ளத்தை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. நம் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சரிவுகள் வீடுகளோடு இறங்கின. டொங்காட்டில் குழாயில் தண்ணீர் திரும்ப வர மாதக்கணக்கானது. உங்கள் மகள் இந்த ஊரின் 2080-ஐ எழுதும்போது மழையிலிருந்துதான் தொடங்குவாள் என்று நினைக்கிறேன். அது பறக்கும் தட்டுக் கதையாக இருக்காது.

கதை சொல்லி எதிர்காலத்தைத் திட்டமிடுவதை பிள்ளைவிளையாட்டு என்று இந்த நாட்டில் யாரும் சொல்ல முடியாது. 1991-92-இல் ஸ்டெல்லன்போஷ் பக்கத்திலுள்ள மோன்ட் ஃப்ளேர் என்ற இடத்தில், ஒருவரையொருவர் நம்பாத பல தரப்புகளைச் சேர்ந்த 22 பேர் கூடி, நாடு எப்படியெல்லாம் போகலாம் என்று நான்கு கதைகளை உருவாக்கினார்கள். மண்ணுக்குள் தலையைப் புதைக்கும் தீக்கோழி, நொண்டி வாத்து, சூரியனுக்கு மிக அருகில் பறந்து விழுந்த கிரேக்கப் புராண இக்காரஸ், கூட்டமாக எழும் பூநாரைகள் என்று அவற்றுக்குப் பெயர். பொருளாதாரக் கணக்கைப் படிக்காதவர்களும் அந்தப் பறவைகளை வைத்து வாதாடினார்கள். ஒரு நாட்டுக்கு உதவிய முறை ஒரு குடியிருப்புக்கு உதவாதா?

கட்டிடக்கலைக்குள்ளேயே ஆள் வேண்டுமென்றால் லெஸ்லி லோக்கோவைப் பாருங்கள். கானா, ஸ்காட்லாந்து இரண்டையும் வேராகக் கொண்டவர், கட்டிடக்கலைஞர், நாவலாசிரியரும்கூட. ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கட்டிடக்கலை முதுநிலைப் பள்ளியைத் தொடங்கியவர் அவர்தான். 2023-இல் வெனிஸ் கட்டிடக்கலைக் கண்காட்சியை நடத்தியபோது ஆப்பிரிக்காவை ‘எதிர்காலத்தின் சோதனைச்சாலை’ என்று நடுவில் நிறுத்தினார். 2024-இல் கட்டிடக்கலைக்கான பிரிட்டனின் ராயல் தங்கப் பதக்கம் பெற்றார். நாவல் எழுதும் கை கட்டிடத்துக்கு ஆகாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஜோகன்னஸ்பர்க் போனால் தூரத்திலிருந்தே தெரியும் உருளைக் கட்டிடம் போன்டே. 1975-இல் முடிந்தது, 54 மாடி. அதன் நடு ஏன் கிணறு மாதிரி வெறுமையாக இருக்கிறது தெரியுமா? சமையலறைக்கும் குளியலறைக்கும் ஜன்னல் வேண்டும் என்பது நகர விதி. உள்பக்க அறைகளுக்கு வெளிச்சம் கொடுக்க நடுவைக் குடைந்தார்கள். விதிப்படி அது குற்றமற்ற விடை. பின்னாளில் வசதியுள்ளவர்கள் கிளம்பி, பராமரிப்பு நின்றபோது, அந்தக் கிணற்றில் பல மாடி உயரத்துக்குக் குப்பை குவிந்தது. அதே 1975-இல் லண்டனில் ஜே. ஜி. பாலார்ட் ‘ஹை-ரைஸ்’ நாவலை வெளியிட்டார். நாற்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் மின்சாரமும் லிஃப்டும் குப்பைக்குழாயும் ஒவ்வொன்றாகக் கெட, வசதியாக வாழ்ந்தவர்களே ஒருவரையொருவர் வேட்டையாடும் கதை. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் குப்பை எங்கே போகும் என்ற கேள்வியை நாவலாசிரியர் கேட்டிருந்தார்.

இனி உங்கள் பக்கத்து நியாயம். எதிர்காலக் கற்பனை என்ற பெயரில் மாணவர்கள் மினுமினுக்கும் கோபுரத்தை வரைந்து, அதில் கொடியைப் படரவிட்டு, மேலே இரண்டு டிரோன் பறக்கவிட்டு வந்து நிற்பதை நானும் கண்காட்சிகளில் பார்த்திருக்கிறேன். அந்தப் படங்களில் துணி காயப்போட்டவர் யாருமில்லை. பெரிய மேதைகளும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். டோக்கியோவில் 1972-இல் கிஷோ குரோகாவா கட்டிய நகாகின் கட்டிடத்தில், நடுத்தூண்களில் 140 சிறு அறைகளைப் பெட்டி பெட்டியாக மாட்டினார்கள். 25 வருஷத்துக்கு ஒருமுறை பழைய பெட்டியைக் கழற்றிப் புதுசு மாட்டலாம் என்பது கதை. ஒரு பெட்டிகூட மாற்றப்படவில்லை. 2022-இல் மொத்தத்தையும் பிரித்தார்கள். பெட்டிக்குப் பெட்டி ஒரு உரிமையாளர் இருக்கும்போது யார் பணம் போடுவது, யார் சம்மதிப்பது? இயந்திரத்தைக் கற்பனை செய்தவர்கள், அந்த உரிமையாளர்கள் கூட்டம் போட்டு வாக்குவாதம் செய்யும் மாலையைக் கற்பனை செய்யவில்லை. அதனால் கதை எழுதியதை நான் குறை சொல்ல மாட்டேன், பாதியில் நிறுத்தியதைச் சொல்வேன்.

கான்கிரீட்டைக் கற்காமல் கதையை மட்டும் கற்றால் நீங்கள் எழுதும் கண்டனக் கடிதத்தில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். கதையில் வருகிற சுவர் எத்தனை டன் தாங்கும் என்று மறுநாள் கணக்குப் போடாத வகுப்பு எனக்கும் வேண்டாம்.

ஒன்று செய்யுங்கள். 2080-இல் உங்கள் மகளுக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்கும். கதையில் ஒரு கிழவி வந்தால் அது அவளேதான். அந்தக் கதையை ஆசிரியருக்கு முன்னால் நீங்கள் வாங்கிப் படியுங்கள். கட்டிட வேலை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, யூனிட் வீட்டில் வாழத் தெரியுமே. மழை மூன்று நாள் விடாமல் பெய்தால் அந்தக் கிழவி எந்த வழியாக வெளியே வருவாள், அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் யார் கொண்டுவருவார்கள், ஆடி மாதம் கூழ்ப் பானையை எங்கே வைப்பாள் என்று கேளுங்கள். அவளுக்குப் பதில் தெரியாத இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக் கொடுங்கள்.