கைக்கு வராத வட்டிக்கு இப்போதே வரியா?

கேள்வி: அரசுக் கல்லூரியில் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 61. ஓய்வூதியம் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய். புதிய வரி முறையில் இருக்கிறேன். 10 லட்சத்தை 7 சதவீத வட்டியில் 5 ஆண்டு டெபாசிட்டாகப் போட்டிருக்கிறேன். வட்டி அசலோடு சேர்ந்து முதிர்வில்தான் கிடைக்கும். அதுவரை அதை வரிக் கணக்கில் காட்டாமல் இருக்கலாமா?

பதில்: சட்டம் தடுக்கவில்லை அம்மா. ஆனாலும் நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

வட்டியை ஆண்டுதோறும் சேரச்சேரக் காட்டலாம். கைக்கு வரும்போதும் காட்டலாம். எதை எடுத்தாலும் அதையே தொடர வேண்டும், ஆண்டுக்கு ஒன்றாக மாற்றக் கூடாது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். காலாண்டுக் கூட்டுவட்டியில் முதல் ஆண்டு வட்டி சுமார் 71,900 ரூபாய், ஐந்தாம் ஆண்டில் 94,800. மொத்தம் 4,14,800. ஓய்வூதியத்தில் எல்லோருக்கும் பொதுவாகக் கழிக்கும் நிலைக்கழிவு 75,000 போனால் 9.25 லட்சம். ஆண்டுதோறும் வட்டியைச் சேர்த்தாலும் 10.20 லட்சத்தைத் தாண்டாது. 2025-26 விதிப்படி 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் ஐந்து ஆண்டும் உங்களுக்கு வரியே இல்லை. முழு வட்டியையும் கடைசி ஆண்டில் காட்டினாலோ வருமானம் 13.40 லட்சமாகிறது, இதே விகிதங்கள் நீடித்தால் செஸ் என்ற கூடுதல் வரியோடு சுமார் 84,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். வராத பணத்துக்கு வரியா என்று தள்ளிப்போட்டு, இல்லாத வரியை நாமே வரவழைத்துக்கொள்வதா?

இன்னொரு சிக்கலும் உண்டு. உங்களிடம் பணம் வராவிட்டாலும் வங்கி ஆண்டுதோறும் வட்டியை வரித்துறைக்குத் தெரிவித்துவிடுகிறது. ஒரு வங்கியில் மூத்த குடிமக்களின் வட்டி ஆண்டுக்கு 1 லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ்ஸும், அதாவது வட்டியிலிருந்து முன்கூட்டியே வரியும், பிடிக்கிறது. என்னிடம் வந்த ஒரு பெரியவர் வட்டியைக் காட்டாமல், பிடித்த டிடிஎஸ்ஸை மட்டும் ஆண்டுதோறும் திரும்பக் கேட்டிருந்தார். பிடித்த வரியைப் பட்டியலிடும் படிவம் 26ஏஎஸ்ஸில் அந்தத் தொகையைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, நான்காக மடித்து, நோட்டீஸோடு கொண்டுவந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. வருமானத்தை எந்த ஆண்டு காட்டுகிறோமோ அந்த ஆண்டில்தான் டிடிஎஸ்ஸையும் கேட்க முடியும். அதுவரை கணக்குத் தாக்கலில் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

வரியை உண்மையிலேயே தள்ளிப்போட வேண்டியவர்களுக்கு மியூச்சுவல் ஃபண்டின் குரோத் திட்டம் பொருந்தும்; அதில் லாபம் கைக்கு வராமல் ஃபண்டிலேயே சேரும். விற்கும்வரை வரி கிடையாது. ஆனால் அதில் ஏற்ற இறக்கம் உண்டு. உங்கள் ஓய்வுக்காலப் பணத்தை வரிக்காக அங்கே நகர்த்தச் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் பிறந்ததும் வங்கியில் வட்டிச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள தொகையை ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் காட்டுங்கள். ஐந்து சான்றிதழ்களையும் டெபாசிட் ரசீதோடு ஒரே உறையில் வையுங்கள். முதிர்வுத் தொகை கணக்கில் விழும் ஆண்டில் யாராவது கேள்வி கேட்டால், அந்த உறையே பதில் சொல்லும்.