1,85,000 ரூபாய் கோர்ஸில் சேரலாமா, லோடு வண்டி வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 39. ஐ.டி.ஐ. ஃபிட்டர். மறைமலைநகர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் 14 வருடம் வேலை பார்த்தேன். கடைசிச் சம்பளம் 20,500 ரூபாய். ஜனவரியில் ஒரு லைனை மூடி எங்களில் பலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிராஜுவிட்டி, இழப்பீடு எல்லாம் சேர்த்து 6,20,000 வந்தது. பி.எஃப்.பில் 5,80,000 இருக்கிறது. பர்சனல் லோன் பாக்கி 1,20,000 (22 சதவீத வட்டி, மாதத் தவணை 6,000), நகைக்கடன் 1,50,000. மனைவி தையலில் மாதம் 7,000 சம்பாதிக்கிறார். தவணையோடு சேர்த்து வீட்டுச் செலவு 26,000. சொந்த வீடு, பத்தாவதும் ஆறாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். ஒரு தனியார் நிறுவனம் ஆறு மாத 'செமிகண்டக்டர் டெக்னீஷியன்' பயிற்சி, கட்டணம் 1,85,000, வேலை நூறு சதவீதம் உறுதி என்கிறது. கோர்ஸில் இடம் பிடிக்க 5,000 முன்பணம் கட்டியிருக்கிறேன். மச்சானோ அந்தப் பணத்தைப் போட்டு லோடு வண்டி வாங்கு என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் உங்களை வெளியே அனுப்பியபோது கையெழுத்து வாங்கிய தாளை எடுங்கள். அதில் 'ஆட்குறைப்பு' என்று இருக்கிறதா, 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்' என்று இருக்கிறதா? கோர்ஸ், வண்டி பற்றியெல்லாம் பேசும் முன் இது தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் மாதம் பத்தாயிரம் ரூபாய் இந்த ஒரு வரியில் நிற்கிறது.

உங்கள் சம்பளம் 21,000-க்குள் இருந்ததால் இ.எஸ்.ஐ. பிடித்திருப்பார்கள். இ.எஸ்.ஐ.யில் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் உண்டு. குறைந்தது இரண்டு வருடம் சந்தா கட்டியவர் ஆட்குறைப்பாலோ ஆலை மூடலாலோ வேலை இழந்தால், முதல் 12 மாதம் சராசரிச் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம் உதவித்தொகை. அந்தக் காலம் முழுக்க உங்களுக்கும் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமும் தொடரும். உங்கள் கணக்குக்கு மாதம் சுமார் 10,000 வரும். தானாக விலகியவர்களுக்கும் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வாங்கியவர்களுக்கும் இது கிடையாது. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, விண்ணப்பிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். ஆட்குறைப்பு உத்தரவு, ஆதார், பாஸ்புக்கோடு நாளைக்கே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போங்கள். இதே திட்டத்தில் தொழிற்பயிற்சிக் கட்டணத்தையும் போக்குவரத்துச் செலவையும் இ.எஸ்.ஐ. ஏற்கும் ஏற்பாடும் இருக்கிறது. அதையும் அங்கேயே கேளுங்கள், எங்கேயும் பணம் கட்டும் முன் கேளுங்கள்.

இன்னொரு சின்னத் தொகையும் இருக்கிறது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பின்படி, ஆட்குறைப்பான ஒவ்வொரு தொழிலாளிக்கும் 15 நாள் சம்பளத்தை மறுதிறன் நிதியில் முதலாளி கட்ட வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். 14 வருடம் உழைத்தவர் புதுத்தொழில் கற்க 15 நாள் சம்பளம்! சிரிப்புதான் வருகிறது. ஆனாலும் பத்தாயிரம் பத்தாயிரம்தான், கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

சரி, கோர்ஸுக்கு வருகிறேன். என் பதில்: சேர வேண்டாம்.

செமிகண்டக்டர், அதாவது சிப் செய்யும் தொழில் இந்தியாவுக்கு வருவது உண்மை. எங்கே வருகிறது? டாடாவின் சிப் ஆலை குஜராத்தில் தொலேராவில், சிப்களை அசெம்பிள் செய்யும் ஆலை அசாமில் ஜாகிரோட்டில், மைக்ரான் கம்பெனியின் ஆலை குஜராத்தில் சானந்தில். பத்தாவது படிக்கும் பிள்ளையை விட்டுவிட்டு அங்கே போகத் தயாரா? நம் பக்கம் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் அதிகம் நடப்பது செல்போன், எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி. அந்த லைன்களுக்கு ஆள் எடுப்பவர்கள் இருபதை ஒட்டிய வயதுக்காரர்களைத்தான், அதிலும் பெண்களைத்தான், தேடுகிறார்கள். 39 வயது ஃபிட்டரை அந்த நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த லைனில் மெஷின் நின்றுபோனால் ஓடி வர ஒருவர் வேண்டும். சோலார், மின்வாகனம், செல்போன், மருந்து என எந்த ஆலையாக இருந்தாலும் பராமரிப்புப் பிரிவில் ஆள் தேவை. அங்கே உங்கள் வயது குறை ஆகாது. டிராயிங் பார்க்கத் தெரியும், மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியும், பேரிங் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லத் தெரியும். இல்லாதது ஆட்டோமேஷன் பக்கம்தான்: பி.எல்.சி. (மெஷினை இயக்கும் கணினிக் கட்டுப்பாடு), சென்சார், சர்வோ மோட்டார், நியூமேட்டிக்ஸ் (காற்றழுத்தத்தில் இயங்கும் பாகங்கள்). இதைச் சேர்த்துக்கொண்டால் நீங்கள் வேறு ஆள். மெஷின் ஷாப்பே பிடிக்கும் என்றால் சி.என்.சி. (கணினி இயக்கும் மெஷின்) செட்டர், அல்லது சி.எம்.எம். (பாகங்களின் அளவு சரிபார்க்கும் மெஷின்) ஓட்டும் தரச்சோதனை வேலை. வெறும் ஆப்பரேட்டரோடு நின்றுவிடாதீர்கள், பட்டன் அழுத்த ஆள் ஏராளம்.

இதைக் கற்க 1,85,000 வேண்டியதில்லை. கிண்டியில் மத்திய அரசின் தேசிய திறன் பயிற்சி நிறுவனத்தில் தொழிலாளர்களுக்கென்றே குறுகிய கால மேல்நிலைப் பயிற்சிகள் உண்டு. உங்கள் ஊரிலிருந்து ஒரே எலக்ட்ரிக் ரயில், சீசன் டிக்கெட் போதும். தமிழ்நாடு அரசு 2,877 கோடி ரூபாயில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை '4.0' தரத்துக்கு உயர்த்தியிருக்கிறது. ரோபாட்டிக்ஸ், ஆட்டோமேஷன், நவீன சி.என்.சி. எல்லாம் அங்கே வந்துவிட்டன. வேலையில் இருந்தவர்களுக்கான குறுகிய பயிற்சி எந்த மாதம் தொடங்குகிறது என்று பக்கத்து ஐ.டி.ஐ. முதல்வரிடம் நேரில் போய்க் கேளுங்கள், போனில் சரியான பதில் கிடைப்பது அபூர்வம். பிரதமரின் கௌசல் விகாஸ் திட்டப் பயிற்சிகள் 45 வயது வரை இலவசம். உங்களுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது.

பிறகும் தனியாரிடம்தான் போவேன் என்றால், முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு சாதாரண நாளில் அவர்கள் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். சி.என்.சி. மெஷினின் அடித்தட்டில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, கூலன்ட் வாசனை அடிக்கிறதா, கண்ட்ரோல் பேனலில் விரல் பட்ட அழுக்கு இருக்கிறதா? தட்டு துடைத்து வைத்தது போலிருந்து, மெஷின் மேல் மாலை காய்ந்து தொங்கினால் அது ஆயுதபூஜைக்கு மட்டும் ஓடும் மெஷின். 'நூறு சதவீத வேலை' என்பவரிடம் போன பேட்ச்சில் ஐந்து பேரின் நியமனக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். கம்பெனி ரோலில் எடுத்தார்களா, கான்ட்ராக்டர் மூலமா, ஆறு மாத அப்ரன்டிஸா என்பது அதில் தெரிந்துவிடும். கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்று ஒரு தாளை நீட்டினால் நிதானமாகப் படியுங்கள். பல இடங்களில் அது உங்கள் பேரில் போடும் கடன். வகுப்பு பிடிக்காமல் நீங்கள் நின்றாலும் தவணை நிற்காது.

இப்போது பணக்கணக்கு. புதுத்தொழில் கற்பதில் பெரிய செலவு கட்டணம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் பெரிய செலவு சம்பளம் இல்லாத மாதங்கள்தான். அதற்குப் பணம் ஒதுக்காமல் படிக்கப் போனவர்கள் பாதியில் விட்டுவிட்டு, கிடைத்த செக்யூரிட்டி வேலைக்குப் போவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

பர்சனல் லோனை இந்த வாரமே அடைத்துவிடுங்கள். முன்கூட்டி அடைக்கக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு அடைத்துவிடுங்கள். 22 சதவீத வட்டியை வைத்துக்கொண்டு வேறு எதிலும் பணம் போடுவது வீண். மாதச் செலவு 20,000 ஆகிவிடும். மனைவியின் 7,000, இ.எஸ்.ஐ. 10,000 போனால் துண்டு விழுவது 3,000. ஒருவேளை உங்கள் தாளில் 'விலகல்' என்று இருந்து உதவித்தொகை கிடைக்காவிட்டால் துண்டு 13,000, வருடத்துக்கு 1,56,000. அந்த மோசமான கணக்கையே வைத்துக்கொள்வோம்: 1,60,000-ஐ இரண்டு மூன்று சிறு டெபாசிட்டுகளாகப் பிரித்து வங்கியில் போடுங்கள், மாதாமாதம் தேவைக்கு எடுங்கள். பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும் 40,000. நகையை 1,50,000 கட்டித் திருப்பிவிடுங்கள். நகை பீரோவில் இருந்தால் அவசரத்துக்கு அன்றே மறுபடி வைத்துக்கொள்ளலாம், வட்டி மட்டும் சும்மா ஓட வேண்டாம். மீதி 1,50,000 பிள்ளையின் பிளஸ் டூ, கல்லூரிக்காக வைப்புநிதியில் இருக்கட்டும். சீட்டு, ஷேர், கிரிப்டோ பக்கம் இந்த வருடம் போகவே வேண்டாம்.

பி.எஃப்.பைத் தொடாதீர்கள். 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்தார்கள். இவ்வளவு பத்திரமாக இந்த வட்டி வேறெங்கும் கிடைக்காது. பத்து வருடச் சர்வீஸ் தாண்டிவிட்டதால் 58 வயதில் ஓய்வூதியத்துக்கும் தகுதி இருக்கிறது. புது வேலை கிடைத்ததும் அதே யு.ஏ.என். எண்ணை (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) கொடுங்கள். இழப்பீட்டில் வரி பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி வராது, உங்கள் வருமானம் அதற்குள்தான் இருக்கும்.

மச்சான் சொல்வது கெட்ட யோசனை அல்ல, உங்களுக்குப் பொருந்தாத யோசனை. லோடு வண்டியில் சம்பாதிப்பவருக்கு வண்டியை விடப் பெரிய சொத்து நிரந்தர வாடிக்கையாளர்கள். உங்களுக்கு ஒருவர்கூட இல்லை. கையில் ஒரு தொழில் இருக்கும்போது இதில் போய் முதலீடு செய்வானேன்?

பழைய கம்பெனி திரும்பக் கூப்பிடும் என்று சிலர் காத்திருப்பார்கள், நீங்கள் காத்திருக்காதீர்கள். உங்கள் ஊர்க் கதையே இருக்கிறது. மறைமலைநகர் கார் ஆலையை மூடுவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது, 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் கார் செய்ய அல்ல, இன்ஜின் செய்ய, அதுவும் 2029-இல். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் ஆலை 2014 நவம்பரில் நின்றது. அந்த இடத்தைப் பிறகு சால்காம்ப் என்ற கம்பெனி வாங்கி சார்ஜர் செய்கிறது. கட்டடம் திரும்ப உயிர் பெறும், உள்ளே வேலை வேறாகிவிடும்.

பயிற்சி முடித்ததும் முதல் வேலையில் 20,500 கிடைக்காமல் போகலாம். 17,000, 18,000 என்று சொன்னால் கௌரவம் பார்க்காமல், ஆலை பெரிதாகவும் பராமரிப்புப் பிரிவாகவும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு வருடம் அந்தக் குறைவைத் தாங்கத்தான் மேலே ஒதுக்கியதில் கொஞ்சம் மிஞ்சும். கான்ட்ராக்டர் மூலம் எடுத்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று முதல் மாதச் சம்பளச் சீட்டிலேயே சரிபாருங்கள்.

அப்புறம் அந்த 5,000. சேரவில்லை, முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று ரசீது எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அந்த ஐயாயிரம் வீணாகிறதே என்று மீதி 1,80,000-ஐக் கட்டிவிடாதீர்கள்.