பிரெஞ்சு வகுப்பும் நிலாவும் (கடிதம்)

அன்புள்ள அண்ணா,

நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். மகளுக்கு நாலு வயது, ஜூனியர் கிண்டர்கார்டன் போகிறாள். அடுத்த வருஷம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில், அதாவது பாடங்களைப் பிரெஞ்சில் படிப்பிக்கும் பிரெஞ்சு இமெர்ஷனில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறோம். ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரிந்தால் பின்னாளில் ஒட்டாவாவில் அரசாங்க வேலை எடுக்கலாம் என்கிறார் இவர். எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கள் இருவருக்கும் பிரெஞ்சில் ஒரு சொல்கூடத் தெரியாது. வீட்டுப்பாடத்துக்கு யார் உதவுவது? ஆங்கிலம் பின்தங்கிவிடாதா? வீட்டில் ஆங்கிலத்திலேயே கதைக்கும்படி வகுப்பு ஆசிரியை சொன்னார், மூன்று மாதமாக அப்படித்தான் கதைக்கிறோம். மூன்று மொழி என்றால் பிள்ளை குழம்பிவிடும், தமிழைப் பிறகு சனிக்கிழமை வகுப்பில் படிப்பிக்கலாம் என்று விட்டிருக்கிறோம். நேற்று இரவு காரில் வரும்போது "அம்மா, ஏன் நிலா எங்களோடயே வருது?" என்று கேட்டாள். இங்கிலிஷில் கேள் என்று சொல்லிவிட்டு, "யெஸ், மூன் இஸ் கமிங்" என்றேன். பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. மனதுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

ச.

அன்புள்ள ச.,

இரண்டு நாளாக உங்கள் கடிதத்தின் கடைசி நாலு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டவற்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பிரெஞ்சுப் பள்ளிக்கூடமும் இமெர்ஷனும் ஒன்றல்ல. உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்கள் பிரெஞ்சு பேசும் சிறுபான்மையினருக்கானவை, 1982ஆம் ஆண்டு உரிமைச் சாசனத்தின் 23ஆம் பிரிவு அவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது, கல்விச்சபையே தனி. இமெர்ஷன் ஆங்கிலக் கல்விச்சபைக்குள் நடப்பது, வீட்டில் பிரெஞ்சு இல்லாத பிள்ளைகளுக்கென்றே உண்டானது. ஆகவே வீட்டுப்பாடப் பயத்தை விடுங்கள், உங்கள் மகளோடு அந்த வகுப்பில் இருக்கப்போகும் பிள்ளைகளில் அநேகம் பேரின் தாய் தகப்பனுக்கும் பிரெஞ்சு தெரியாது. எட்டாம் வகுப்பு முடியும்போது இமெர்ஷன் பிள்ளை குறைந்தது 3,800 மணித்தியாலம் பிரெஞ்சில் படித்திருக்கும், சாதாரண வகுப்பில் படித்த பிள்ளைக்கு 600 மணித்தியாலம். பிரெஞ்சு வேண்டும் என்றால் எது வழி என்பது அதிலேயே தெரிகிறது. ஒட்டாவா வேலை பற்றி நான் பேசமாட்டேன். நாலு வயதுப் பிள்ளைக்கு உத்தியோகம் தேடுவதை உங்கள் கணவர் நிறுத்த வேண்டும்.

ஆங்கிலம் பின்தங்குமா? கொஞ்சக் காலம் பின்தங்கும், பிறகு பிடித்துவிடும். இது 60 வருஷமாகப் பார்த்துப் பார்த்துத் தெரிந்த விஷயம். 1965 இல் மொன்றியலுக்கு ஆற்றின் அந்தப் பக்கம், செயின்ட் லம்பேர்ட் என்ற சிறு நகரத்தில்தான் இது தொடங்கியது. ஆங்கிலம் பேசும் சில தாய்மார், பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் இருந்துகொண்டு எங்கள் பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு கதைக்க முடியாமல் வளர்கிறார்களே என்று கல்விச்சபையோடு மல்லுக்கு நின்று, பாலர் வகுப்பிலிருந்தே எல்லாவற்றையும் பிரெஞ்சில் படிப்பிக்கும் வகுப்பு ஒன்றை வாங்கினார்கள். மக்கில் பல்கலைக்கழகத்து உளவியலாளர் வாலஸ் லம்பேர்ட் (ஊரின் பெயரும் அவர் பெயரும் ஒத்துப்போனது தற்செயல்) அந்தப் பிள்ளைகளை வருஷக்கணக்காகச் சோதித்துப் பார்த்தார். முதல் ஓரிரு வகுப்புகளில் ஆங்கில வாசிப்பில் தாமதம் இருந்தது, ஆங்கிலப் பாடம் தொடங்கிய பிறகு அது மறைந்துவிட்டது. பிள்ளை குழம்பிவிடும் என்கிறீர்களே, அந்தப் பழைய பயத்தையும் அவரும் எலிசபெத் பீலும் 1962 இலேயே ஆட்டங்காண வைத்துவிட்டார்கள். மொன்றியலில் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது, இரண்டு மொழி தெரிந்தவர்கள் ஒரு மொழிக்காரரைவிட நன்றாகச் செய்தார்கள்.

சரி, இனி நான் சொல்ல வந்தது.

அந்தச் செயின்ட் லம்பேர்ட் தாய்மார் பிள்ளைகளைப் பிரெஞ்சு வகுப்பில் விட்டுவிட்டு வீட்டில் என்ன பேசினார்கள் என்று யோசித்தீர்களா? ஆங்கிலம். தங்களுக்கு முழுதாகத் தெரிந்த மொழி. இரவில் அதில் கதை வாசித்தார்கள், அதில் ஏசினார்கள், அதில் கொஞ்சினார்கள். அந்த அத்திவாரத்தில்தான் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு நின்றது. பிறகு லம்பேர்டே எழுதினார்: ஒரு மொழிக்கு மேல் இன்னொன்று சேர்ந்து வளரும் இருமொழி வேறு, ஒன்றைத் தின்றுவிட்டு மற்றது வளரும் இருமொழி வேறு. அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நடந்தது முதலாவது. உங்கள் மகளுக்கு நீங்கள் இந்த மூன்று மாதமாகச் செய்வது இரண்டாவது, அதுவும் பிரெஞ்சு வருவதற்கு முன்பே.

அந்த ஆசிரியை நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பிழையான புத்தி. எனக்கும் ஒருவர் அதையே சொன்னார்.

நாங்கள் 1989 இல் மொன்றியலுக்கு வந்தோம். இங்கே எங்களுக்குத் தெரிவு இருக்கவில்லை, கியூபெக்கின் 1977ஆம் ஆண்டு 101ஆம் சட்டப்படி வந்தேறிகளின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம்தான் போக வேண்டும். மகனுக்கு ஐந்து வயது. புதிதாக வந்த பிள்ளைகளுக்கான வரவேற்பு வகுப்பில் சேர்த்தார்கள். வீட்டிலும் பிரெஞ்சு கதைத்தால் கெதியாகப் பிடிப்பான் என்று அங்கே சொன்னார்கள். நான் அப்போது இரவில் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு பகலில் அரசாங்கத்தின் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். என்னிடம் முப்பது வசனம் இருந்தது. வா, இரு, சாப்பிடு, கை கழுவு, நேரமாகிறது. அந்த முப்பதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை வளர்க்கத் தொடங்கினேன்.

முதல் பனிக்காலத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அப்பா, ஏன் எங்கட வாயிலிருந்து புகை வருது என்று தமிழில் கேட்டான். எனக்குப் பதில் தெரியும். பனிக்காலை, கேத்திலின் மூக்கு, எங்கள் ஊரில் மார்கழி விடியலில் மாட்டின் மூச்சு என்று தமிழில் அரை மணித்தியாலம் சொல்லியிருப்பேன். பிரெஞ்சில் கதைக்க வேண்டுமே என்று "சே ஃப்ருவா" என்றேன். குளிர், அவ்வளவுதான். அவனும் தலையாட்டினான். உங்கள் மகள் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். மகனும் அப்படித்தான் நிறுத்தினான். ஒரே நாளில் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, என்னிடம் கேட்டால் குளிர், சூடு, பெரிசு, சின்னன் என்றுதான் பதில் வரும் என்று தெரிந்துகொண்டு, கேட்பதை விட்டான்.

இன்று அவன் நல்லாக இருக்கிறான். இந்த ஊர்ப் பிள்ளைகளைப் போல ஒரே வசனத்தைப் பிரெஞ்சில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பான். என் அம்மா ஊரில் செத்த அன்று அவன் வந்து பக்கத்தில் இருந்தான். அவவைப் பற்றி ஒரு விஷயம் அவனுக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. தமிழில் சொன்னால் அவனுக்குப் பாதிதான் விளங்கும், பிரெஞ்சில் அதைச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டேன்.

அவனுக்குப் பிறகு பிறந்த மகளோடு நாங்கள் தமிழில்தான் கதைத்தோம். அவளுடைய பிரெஞ்சு அண்ணனுடையதைவிட ஒரு துளியும் குறையவில்லை. ஒரு கதையைத் தொடக்கம், நடு, முடிவு என்று சொல்லப் பிள்ளை ஒரு தரம் தமிழில் பழகிவிட்டால், பிரெஞ்சில் அதை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை, சொற்கள் மட்டும் புதிது. ரொறன்ரோவிலேயே இருந்து ஜிம் கம்மின்ஸ் என்ற அறிஞர் 40 வருஷத்துக்கு மேலாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாங்கள்தான் கேட்கவில்லை.

இன்னொன்று. உங்கள் மாகாணத்தில் 1912 இல் 17ஆம் விதி என்று ஒன்று வந்தது. முதல் இரண்டு வகுப்புக்கு மேல் பிரெஞ்சில் படிப்பிக்கக் கூடாது என்றார்கள். 1916 இல் ஒட்டாவாவின் கிக் பள்ளிக்கூடத்தில் தேலோஜ் சகோதரிகள் இருவர் மீறிப் படிப்பித்தபோது, அவர்களை வெளியேற்ற வந்த பொலிஸை மறித்து நின்றவர்கள் அந்தப் பிள்ளைகளின் தாய்மார். கையில் தொப்பிக்குக் குத்துகிற நீட்டு ஊசி. 1927 இல் அந்த விதி கைவிடப்பட்டது. ச., உங்கள் வீட்டு வாசலுக்கு எந்தப் பொலிஸும் வரவில்லை, எந்தச் சட்டமும் வரவில்லை. ஒரு ஆசிரியை சிரித்தபடி சொன்ன ஒரு வசனத்துக்கு நீங்களாகவே தமிழைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை வகுப்பில் திரும்ப வாங்கலாம் என்கிறீர்கள். அந்த வகுப்புக்கு நான் எதிரி இல்லை, அங்கே அ, ஆ எழுதப் படிப்பிப்பார்கள். நிலா ஏன் கூட வருகிறது என்று இரவு எட்டு மணிக்குக் காருக்குள் அங்கே யார் இருந்து சொல்வது? கோபிக்க வேண்டாம் தங்கச்சி. எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை, அந்த பஸ் தரிப்பில் நின்ற என் மேல்தான்.

இமெர்ஷனுக்கு விண்ணப்பியுங்கள். அது நல்ல வகுப்பு. ஆனால் வீட்டுக்குள் இன்றைக்கே தமிழுக்குத் திரும்புங்கள், கணவரும்தான். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னால் சொல்லட்டும், நீங்கள் மாற்றாதீர்கள்.

அடுத்த தரம் இரவில் காரில் வரும்போது அவளாகக் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள், பிள்ளை, இந்த நிலா ஏன் எங்களோடயே வருது என்று. என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா