பழைய திரையை இழக்காமல் லினக்ஸை மேம்படுத்துவது: கேள்வி பதில்

மல்லாவியில் இருந்து ஓர் ஆசிரியை: பாடசாலைக் கணினி அறையில் உபுண்டு 10.04 தான் இன்னும் ஓடுகிறது. மேலும் கீழும் பட்டை உள்ள அந்தத் திரைக்குப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். மாற்றினால் அது போய்விடுமா, ஐயா?

போகாது, ரீச்சர். அந்தத் திரையின் பெயர் க்னோம் 2. 2011 இல் க்னோம் 3 வந்து அந்த அமைப்பைக் கைவிட்டபோது, பழைய மூலநிரலை எடுத்து மாத்தே என்ற பெயரில் வேறு சிலர் வளர்க்கத் தொடங்கினார்கள். உபுண்டுவுக்கு அடித்தளமான டெபியன் என்ற லினக்ஸ் வகையின் இன்றைய பதிப்பில் அதைத் தெரிவுசெய்தால் அதே இரு பட்டைகளும் அதே மூன்று பட்டிகளும் வரும். ஆனால் 10.04 இல் இருந்து படிப்படியாக ஏறிவர முயல வேண்டாம். அதன் டெஸ்க்டொப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2013 இலேயே நின்றுவிட்டன. பிள்ளைகளின் கோப்புகளைப் பிரதியெடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

ஒட்டுசுட்டானில் இருந்து: என்னிடம் டெபியன் 12 உம் மாத்தேயும் உள்ளன. 13 க்குப் போகும்போது டெஸ்க்டொப்பின் பொதிகளை (நிறுவப்படும் மென்பொருள் கட்டுகளை) மட்டும் பழையபடி பிடித்துவைக்கலாமா?

வேண்டாம், தம்பி. பிடித்துவைத்த பொதி பழைய நூலகங்களை (பொதுவான துணை நிரல்களை) கேட்கும், புதிய அமைப்பு அவற்றை நீக்கப் பார்க்கும்; அந்த இழுபறியில் டெஸ்க்டொப் முழுவதுமே அகற்றப்படக்கூடும். நீங்கள் காப்பாற்ற விரும்புவது உங்கள் திரையின் தெரிவுகளைத்தான், அவை வீட்டு அடைவில் டீகான்ஃப் என்ற தரவுக்கோப்பில் இருக்கின்றன. அதைப் பிரதியெடுத்துவிட்டு, பொதிகள் வரும் இடங்களைக் குறிக்கும் மூலப்பட்டியலில் புக்வோர்ம் (12 இன் பெயர்) என்பதை ட்ரிக்ஸி (13 இன் பெயர்) என்று மாற்றி, முதலில் புதிய பொதி சேர்க்காத சிறு மேம்படுத்தலையும் பிறகு முழு மேம்படுத்தலையும் செய்யுங்கள். பொதிகளை நீக்கப்போவதாக ஆப்ட் என்ற பொதி நிர்வாகக் கருவி காட்டும் பட்டியலை வரிவரியாக வாசித்த பிறகே சம்மதம் கொடுங்கள்.

புதுக்குடியிருப்பில் ரியூசன் நிலையம் நடத்துபவர்: பல கணினிகள், ஒரே டேட்டா இணைப்பு, இடையிடையே மின்வெட்டு. என்ன செய்வது?

தரவிறக்கத்தையும் நிறுவலையும் பிரித்துவிடுங்கள். தரவிறக்கம் மட்டும் செய்யும் தெரிவோடு ஒரு கணினியில் இரவில் மேம்படுத்தல் கட்டளையை ஓடவிட்டு, ஆப்டின் சேமிப்பு அடைவில் சேரும் பொதிகளைப் பென்டிரைவில் எடுத்து மற்றக் கணினிகளின் அதே அடைவில் போட்டால், அந்தக் கணினிகள் பொதிப் பட்டியலைப் புதுப்பிக்கவும் தமக்கு மட்டும் தேவையான சில பொதிகளுக்கும் மட்டுமே இணையத்தைத் தேடும். நிறுவ முன்பே பிரதியெடுங்கள், ஏனெனில் நிறுவி முடிந்ததும் ஆப்ட் அவற்றை அழித்துவிடும். நிறுவலைப் பகலில், யூபிஎஸ் துணையோடு செய்யுங்கள். இடையில் கரன்ட் போனாலும் பதற வேண்டாம்: முனையத்தில் (கட்டளை எழுதும் சாளரத்தில்) பொதிகளை நிறுவும் கருவியான டீபிகேஜியின் 'கன்ஃபிகர்' கட்டளையை எல்லாப் பொதிகளுக்கும் கொடுத்து, அதன்பின் ஆப்டின் உடைந்ததைச் சரிசெய்யும் தெரிவை ஓட்டினால் பெரும்பாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரும்.

நெடுங்கேணி மாணவர்: என்னுடையது 32 பிட் டெபியன் 12, அண்ணா. 13 க்குப் போகலாமா?

டெபியன் 13 இல் 32 பிட் பீசிக்கான கருவகமும் (கேர்னல்) நிறுவியும் இல்லை. முதலில் செயலியின் விவரம் காட்டும் 'எல்எஸ்சிபியூ' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். 32 உடன் 64 பிட்டும் காட்டினால் வன்பொருளில் தடையில்லை, 64 பிட் பதிப்பைப் புதிதாக நிறுவலாம். காட்டாவிட்டால் 12 இலேயே இருங்கள். அதற்கான நீண்டகால ஆதரவு 2028 யூன் வரை உண்டு.

மாங்குளத்தில் இருந்து: கேடிஈ 3.5 என்ற பழைய டெஸ்க்டொப்புக்கு வழி உண்டா?

உண்டு, அதன் தொடர்ச்சி டிரினிட்டி. டெபியனின் களஞ்சியத்தில் (பொதிகள் இருக்கும் இணையச் சேமிப்பில்) அது இல்லாததால், மேம்படுத்த முன் அதன் தனிக் களஞ்சியத்தை நிறுத்திவைத்து, புதிய டெபியனுக்குரிய முகவரியோடு பிறகு திறவுங்கள்.