தையில் கல்யாணமா? படகு எங்கே நிற்கும் என்று கேளுங்கள்

கேள்வி: நாலு வருஷமாகப் பயணிகள் கப்பலில் கேபின் ஸ்டீவர்டாக இருக்கிறேன். இப்போது பிரான்ஸில், ஆன்டீப் துறைமுகத்தில் நிற்கும் 55 மீட்டர் சார்ட்டர் யாட் (வாடகைக்கு விடும் சொகுசுப் படகு) ஒன்றில் வேலை வந்திருக்கிறது. மாதம் 3,000 யூரோ, டிப்ஸ் தனி. ‘ஆறு மாசம் வேலை, ஆறு மாசம் வீடு’ என்கிறார் ஏஜென்ட். சேர்த்துவிட ஒன்றரை லட்சம் கேட்கிறார். எனக்கு நிச்சயம் ஆகிவிட்டது. பெண் வீட்டில் தை மாதம் கல்யாணம் என்கிறார்கள். வேலையை ஒப்புக்கொள்ளலாமா, அண்ணா?
— பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: தம்பி, ஏஜென்ட் கதையை முதலில் முடித்துவிடுவோம். வேலைக்குச் சேர்த்துவிடக் கடலோடியிடமே கட்டணம் வாங்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. மெடிக்கல், பாஸ்போர்ட், சி.டி.சி. (கடலோடி அடையாளப் புத்தகம்) செலவு உங்களுடையது. அதற்கு மேல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். கடலோடிகளை வேலைக்குச் சேர்த்துவிட மத்திய அரசு தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக அதற்கப்புறம் போன் எடுக்க மாட்டார்.

‘ஆறு மாசம் வீடு’ என்பதில் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: அந்த ஆறு மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. சீசன் ஒப்பந்தம் என்றால் செப்டம்பர் கடைசியில் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். சம்பளத்தோடு இரண்டு மாதம் படகு, இரண்டு மாதம் வீடு என்கிற ரொட்டேஷன் பெரும்பாலும் கேப்டனுக்கும் இன்ஜினியருக்கும்தான். ஸ்டீவர்டுக்கு நிரந்தர வேலை கிடைத்தால் வருஷத்துக்குக் குறைந்தது 30 நாள் சம்பள விடுப்பு உண்டு. அதை எந்த மாதம் எடுக்கலாம் என்பதில்தான் உங்கள் கல்யாணமே மாட்டியிருக்கிறது.

மத்திய தரைக்கடலில் மே முதல் செப்டம்பர் வரை சீசன். கான் திரைப்பட விழாவோடு மே மாதமே சூடு பிடித்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் மூச்சுவிட நேரமிருக்காது. ஒரு கூட்டம் காலை பத்து மணிக்கு இறங்கும், அடுத்தது மறுநாள் மதியம் ஏறும். அதற்குள் ஆறு அறைகளையும் புதிதாக்க வேண்டும். ஏசி துவாரத்தைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்திருக்கிறேன், மிகையாகச் சொல்லவில்லை. 24 மணி நேரத்தில் 10 மணி, வாரத்தில் 77 மணி ஓய்வு என்பது சட்டம். நான் இருந்த ஒரு படகில் அந்தப் பத்து மணி நேரம் தாளில் மட்டும்தான் இருந்தது. நீங்கள் கையெழுத்துப் போடும்போது தூங்கிய மணியையே எழுதுங்கள்.

செப்டம்பர் கடைசியில் மொனாக்கோ யாட் கண்காட்சி முடிந்தால் கூட்டம் வடிந்துவிடும். அடுத்த சீசன் கரீபியனில், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம் என்பதால் இன்சூரன்ஸ்காரர்கள் படகை அதற்கு முன்னால் அங்கே விட மாட்டார்கள். நவம்பர் நடுவில் ஜிப்ரால்டர் வழியாக இறங்கி, கேனரித் தீவுகளில் டீசல் நிரப்பிக்கொண்டு மேற்கே திரும்புவார்கள். அங்கிருந்து கரீபியன் தீவான ஆன்டிகுவா சுமார் 2,700 கடல் மைல். 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் ஒன்பது, பத்து நாள்.

முதல் தடவை கடந்தபோது, விருந்தாளி இல்லையே, தூங்கித் தீர்க்கலாம் என்று நினைத்தேன். ஸ்டீவர்டுக்கும் வாட்ச் போட்டுவிட்டார்கள்: நாலு மணி நேரம் பிரிட்ஜில் (படகை ஓட்டும் அறையில்) இருட்டையும் ரேடாரையும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், எட்டு மணி நேரம் ஓய்வு. விடிந்தால் தேக்கு டெக்கில் பறக்கும் மீன் விழுந்து கிடக்கும். நம் ஊர் கோலாதான். செதில் காய்ந்து ஒட்டிவிட்டால் டெக் பையன்களுக்குக் கோபம் வரும். நான் நாலைந்தைப் பொறுக்கி மிளகாய்த் தூள் தடவிப் பொரித்தேன். மறுநாள் டெக் பையன்களே பொறுக்கிக்கொண்டு வந்தார்கள்.

பணத்துக்கு வருவோம். வாரத்துக்கு 2 லட்சம் யூரோ வாடகை என்றால், 10 சதவீதம் டிப்ஸ் 20,000. பதின்மூன்று பேர் சமமாகப் பிரித்தால் தலைக்கு 1,500 சொச்சம். கோடையில் இப்படி ஏழெட்டு வாரம் அமைந்தால் சம்பளத்தையே தொட வேண்டியிருக்காது. ஆனால் படகு பழுதுபார்க்கும் யார்டில் ஏறிவிட்டால் டிப்ஸ் சுத்தமாக நின்றுவிடும். வேலை காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை, சனி ஞாயிறு லீவு, கையில் வெறும் சம்பளம். கோடை வரவை நம்பி வீட்டுக் கடன் தவணை போட்டவர்கள் ஜனவரியில் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பஞ்சாங்கம். ஆடியில் இங்கே முகூர்த்தம் இல்லை, அங்கே உச்சகட்ட சீசன்; அதில் சண்டையில்லை. ஆவணியில் இங்கே கல்யாணம் களை கட்டும்போது நீங்கள் சார்டினியாவில் துண்டு மடித்துக்கொண்டிருப்பீர்கள். சித்திரையில் படகு அட்லாண்டிக்கைத் திரும்பக் கடக்கும். தை மாதம்தான் இரண்டுங்கெட்டான். படகு கரீபியன் போனால் அது நட்ட நடு சீசன், கேட்டாலும் விட மாட்டார்கள். போகாமல் பிரான்ஸின் லா சியோட்டாவிலோ ஸ்பெயினின் பால்மாவிலோ யார்டில் நின்றால், பாதிப் பேர் லீவில் போவதே அப்போதுதான். எனவே சம்பளம் பேசுவதற்கு முன் கேப்டனிடம் கேட்க வேண்டியது: “இந்தக் குளிர்காலம் படகு எங்கே?” பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். முதலாளி மனசு மாறினால் அதுவும் மாறும் என்பது வேறு விஷயம்.

கரீபியன் என்று பதில் வந்தால் ஐப்பசிதான் வழி. சீசன் முடிந்து, கடப்பதற்கு முன் கிடைக்கும் மூன்று வாரம் அது. அடைமழையில் கல்யாணமா என்று பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். பந்தலை நம்பாமல் மண்டபமாகப் பாருங்கள்.

கப்பல் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஆன்டீப்புக்குப் போய் வேலை தேடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஐரோப்பிய பாஸ்போர்ட் பையன்கள் மார்ச் மாதம் படகு படகாக ஏறி பயோடேட்டா கொடுப்பார்கள். நமக்கு ஷெங்கன் விசாவில் (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) 180 நாளில் 90 நாள்தான், அதிலும் டூரிஸ்ட் விசாவில் வேலை செய்யக் கூடாது. ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் விமானம் ஏற வேண்டும். குளிர்காலப் பாதையில் ஃபுளோரிடாவோ அமெரிக்க வர்ஜின் தீவுகளோ இருந்தால் அமெரிக்காவின் பி1/பி2 விசாவும் தேவைப்படும். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரக அப்பாயின்ட்மென்டுக்கு இப்போதே பதிந்து வையுங்கள்.

நிரந்தர ஒப்பந்தமாக இருந்தால் வேலையை ஒப்புக்கொள்ளுங்கள். சீசனுக்கு மட்டும் என்றால் இருக்கிற கப்பலிலேயே இன்னொரு ஒப்பந்தம் பார்க்கலாம். கேப்டனின் பதில் வரும்வரை மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். பெண்ணிடம் மட்டும் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். மாமனாரிடம் பேச அவரே வழி சொல்வார்.